பதினெட்டுக்கு முன்னும் பின்னும்: கூரையில்லாத நம் பிள்ளைகள்

கோலாலம்பூரின் அஞ்சடிகளில் படுத்துறங்கும் மக்களுக்கு வார இறுதிதோறும் உணவுப் பொட்டலம் வழங்கும் நல்லுள்ளங்கள் நம்மிடையே பலர் உளர். கோயில்கள், இளைஞர் மன்றங்கள், அரசு சாரா இயக்கங்கள் எனப் பல தரப்பினரும் இப்பணியைச் செய்து வருகின்றனர். அதனைக் குறைகூற நான் எழுதவில்லை. ஆயினும், அந்தப் பொட்டல வரிசையில் யார் நிற்கிறார்கள் என்று சற்றே கூர்ந்து பாருங்கள். பெரும்பாலும் நாற்பது, ஐம்பது வயதைக் கடந்தவர்களே நிற்பர். பதினாறு வயதுப் பையனையோ பதினேழு வயதுப் பெண்ணையோ அங்கே காண்பது அரிது. ஆகவே, நம் நாட்டில் இளையோர் எவரும் தெருவில் இல்லை என்று நாம் நிம்மதி அடைந்து விடுகிறோம். அந்த நிம்மதிக்கு ஆதாரம் இல்லை என்பதே என் கருத்து.

இளையோர் வீடிழக்கும் முறையே வேறு. பெரியவர் ஒருவர் வேலையை இழந்து, வாடகை கட்ட இயலாமல், பையோடு தெருவுக்கு வருகிறார். அது எல்லாருடைய கண்ணிலும் படுகிறது. பதினாறு வயதுப் பையன் அப்படி ஒரே நாளில் வெளியேறுவதில்லை. முதலில் ஒரு நாள் நண்பன் வீட்டில் தங்குகிறான். பிறகு வாரத்தில் மூன்று நாள். நண்பனின் தாயார் முகம் சுளிக்கத் தொடங்கியதும் வேறு நண்பன் வீடு. அதன் பின்னர், விடிய விடியத் திறந்திருக்கும் மாமாக் கடையில் ஒரு தே தாரிக்கை வைத்துக்கொண்டு இரவைக் கழிக்கிறான். இறுதியில் கார் கழுவும் கடையிலோ, உணவகத்திலோ, லாரிப் பட்டறையிலோ வேலைக்குச் சேர்ந்து, முதலாளி காட்டிய மூலையில் படுத்துக்கொள்கிறான். இரவில் அஞ்சடிகளில் படுத்திருப்போரை எண்ணி எடுக்கும் எந்தக் கணக்கிலும் அவன் வரப்போவதில்லை.

என்னிடம் ஆறாம் ஆண்டு பயின்ற மாணவன் ஒருவனைச் சில ஆண்டுகளுக்குப் பின் அத்தகைய கடையொன்றில் சந்தித்தேன். அவனுடைய சட்டைகள் கடையின் பின்புறம், தண்ணீர்க் குழாய்க்கு மேலே ஆணியில் தொங்கிக் கொண்டிருந்தன. வீட்டுக்குப் போவதில்லையா என்று கேட்டேன். "வீடு இருக்கு சார். எனக்குப் படுக்கத்தான் இடம் இல்லை," என்றான். புகார் சொல்லும் தொனி அதில் இல்லை. பள்ளியில் வருகைப் பதிவின்போது 'உள்ளேன் ஐயா' என்று சொல்வதைப் போலவே சொன்னான்.

அவன் சொன்னதில் மிகையில்லை. தலைநகரின் பி.பி.ஆர். அடுக்குமாடி வீடுகளை அறிந்த ஆசிரியர்களுக்கு இது புரியும். ஏறத்தாழ 700 சதுர அடி, மூன்று அறைகள். அதில் பாட்டி ஓர் அறை. திருமணமான அண்ணனும் அண்ணியும் கைக்குழந்தையும் ஓர் அறை. பெற்றோரும் தங்கைகளும் ஓர் அறை. வளர்ந்த பையனுக்குக் கூடத்துத் தரைதான். அத்தரையிலும் நள்ளிரவு வரை தொலைக்காட்சி ஓடும். அதனோடு குடியோ அடியோ மாற்றான் தந்தையோ சேர்ந்துவிட்டால், அவன் வெளியே தங்கும் நாள்கள் கூடிக்கொண்டே போகும். 'ஓடிப்போனவன்' என்று நாம் பட்டம் சூட்டுகிறோம். ஓடியதாகவே அவனுக்கு நினைவிருக்காது. வீடு கொஞ்சம் கொஞ்சமாக அவனை வெளியே தள்ளியிருக்கிறது, அவ்வளவுதான்.

இவ்விடத்தில் ஒரு பழைய செய்தியை நினைவூட்ட விரும்புகிறேன். தோட்டப்புறத்தில் நம் தாத்தா பாட்டிமார் வாழ்ந்த லயத்து வீடு அவர்களுடைய வேலையோடு ஒட்டியது. பால்மரம் வெட்டும்வரை வீடு உண்டு. பெயர் வெட்டப்பட்டால் வீடும் போயிற்று. 1980களிலும் 1990களிலும் தோட்டங்கள் விற்கப்பட்டும் துண்டாடப்பட்டும் வீடமைப்புத் திட்டங்களாக மாறியபோது, வேலையும் வீடும் ஒரே நாளில் பறிபோன குடும்பங்கள் புறம்போக்குக் குடியிருப்புகளுக்கும், அங்கிருந்து நீண்ட வீடுகளுக்கும், பின்னர் அடுக்குமாடிகளுக்கும் பெயர்ந்தன. இன்று கார் கழுவும் கடையின் பின்புறம் படுத்திருக்கும் பேரனின் நிலையும் அச்சில் வார்த்தாற்போல் அதுவேதான். முதலாளி கோபித்துக் கொண்டால் வேலை போகும். அன்றிரவே படுக்கையும் போகும். சம்பளம் குறைவென்று அவனால் வாய்திறக்க முடியாது. நோய்வாய்ப்பட்டாலும் படுத்திருக்க முடியாது. மூன்று தலைமுறையாகியும் நம்மவரில் ஒரு பகுதியினர் இந்த முடிச்சிலிருந்து விடுபடவில்லை என்பதை நாம் ஒப்புக்கொண்டாக வேண்டும்.

சரி, இப்படிப்பட்ட ஓர் இளையவர் உதவி தேடிப் போனால் என்ன நடக்கும்? சட்டம் இரண்டு கதவுகளைக் காட்டுகிறது.

பதினெட்டு வயதுக்குக் கீழ்ப்பட்டோருக்குரிய கதவு, 2001ஆம் ஆண்டின் சிறார் சட்டம். பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் சிறாரைச் சமூக நல அதிகாரியோ காவல் அதிகாரியோ பொறுப்பில் எடுத்து, 24 மணி நேரத்திற்குள் சிறார் நீதிமன்றத்தின் முன் நிறுத்த வேண்டும். நீதிமன்றம் அப்பிள்ளையைத் தகுந்த ஒருவரிடம் ஒப்படைக்கலாம். அல்லது பாதுகாப்பு இல்லமொன்றில் மூன்றாண்டுகளுக்கு அல்லது பதினெட்டு வயது நிறையும்வரை, இவற்றுள் எது குறைவோ அதுவரை, தங்க வைக்க ஆணையிடலாம். சிறு பிள்ளைகளைக் கொடுமையிலிருந்து மீட்க இச்சட்டம் பெருந்துணை என்பதில் ஐயமில்லை. ஆனால், பதினாறு வயதுப் பையனின் பார்வையில் பாருங்கள். காவலர், நீதிமன்றம், வாயிற்கதவு பூட்டிய இல்லம் ஆகிய மூன்றும் அவனுக்குத் தண்டனையாகவே தெரிகின்றன. தன் மீது குற்றமில்லை என்பது அவனுக்குத் தெரியும். ஆகவே ஒளிந்து கொள்கிறான்.

பதினெட்டைக் கடந்தோருக்குரிய கதவு, 1977ஆம் ஆண்டின் ஆதரவற்றோர் சட்டம். பொது இடத்தில் பிச்சை எடுப்பவரையும், பிழைப்புக்கு வழியோ தங்க இடமோ இன்றிக் காணப்படுபவரையும் பிடித்து நீதிபதியின் முன் நிறுத்தவும், முதலில் ஒரு மாதம் வரையிலும், பின்னர் மூன்றாண்டுகள் வரையிலும் நல இல்லத்தில் வைக்கவும் இச்சட்டம் இடமளிக்கிறது. அனுமதியின்றி அவ்வில்லத்தை விட்டு வெளியேறுவது குற்றம். இதனை மாற்ற வேண்டும் என்ற பேச்சு பல ஆண்டுகளாக எழுந்து வருகிறது. 2014 ஜூலையில் நடந்ததைப் பலர் மறந்திருக்கக்கூடும். புக்கிட் பிந்தாங் வட்டாரத்தில் இரண்டு கிலோமீட்டர் சுற்றளவுக்குள் இலவச உணவு வழங்கக்கூடாது என்று அன்றைய கூட்டரசுப் பிரதேச அமைச்சர் அறிவித்தார். 'ஓப்ஸ் காசே' என்ற பெயரில் தெருவோர மக்களை அள்ளிச் செல்லும் நடவடிக்கையும் நடந்தது. காசே என்றால் அன்பு என்று பொருள்.

இவ்விரண்டுக்கும் அப்பால் நல்ல முயற்சிகள் இல்லாமல் இல்லை. கோலாலம்பூர் ஜாலான் ஹங் லெகியுவில் 2011இல் தொடங்கிய 'அஞ்ஜோங் சிங்கா' என்னும் தங்குமிடம், நீதிமன்ற ஆணை ஏதுமின்றி, இரண்டு வாரம் வரை தங்கி வேலை தேடிக்கொள்ள வழிசெய்தது. சௌகிட் வட்டாரத்தில் சௌகிட் அறவாரியம் சிறாருக்கும் பதின்ம வயதினருக்கும் தனித்தனி நடுவங்களை நடத்தி, உணவும் பாடமும் ஆலோசனையும் வழங்கியதைப் பலர் அறிவர். 2020 மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை பிறப்பிக்கப்பட்டபோது தலைநகரின் தெருவோர மக்களை மாநகர மன்றம் மண்டபங்களில் தங்க வைத்தது. மனமிருந்தால் சில நாள்களில் கூரை கொடுக்க முடியும் என்பதற்கு அதுவே சான்று.

என் ஆதங்கம் எங்கே என்றால், பதினாறு முதல் இருபத்தொன்று வரையிலான அந்த ஐந்தாறு ஆண்டுகளுக்கென்று பொருத்தமான வழி ஏதும் அமையவில்லை. இரண்டு வாரத்தில் ஒரு நாற்பது வயதுக்காரர் வேலை தேடிக்கொள்ளலாம். பதினேழு வயதுக்காரரால் அறைகூட வாடகைக்கு எடுக்க இயலாது. பதினெட்டு நிறையாதவர் செய்யும் ஒப்பந்தம் 1950ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டத்தின்படி செல்லாது. எந்த வீட்டுக்காரர் சாவி கொடுப்பார்? மருத்துவமனையில் சிகிச்சைக்குக் கையொப்பமிடப் பெற்றோர் வேண்டும். சமூக நல இலாகாவின் சிறார் உதவித்தொகை பாதுகாவலர் வழியேதான் வந்து சேரும். பாதுகாவலரிடமிருந்து விலகி நிற்கும் பிள்ளைக்கு அது எட்டாது. பதினெட்டாம் பிறந்தநாளுக்கு மறுநாள் இத்தடைகளுள் பல நீங்குகின்றன; ஆனால் அதே நாளில் இல்லத்துப் பிள்ளைக்கு இல்லத்தின் பொறுப்பும் நீங்குகிறது! நம் வீட்டுப் பிள்ளைகளைப் பதினெட்டு வயதில், கையில் ஒரு பையோடு, இனி நீயே பார்த்துக்கொள் என்று நாம் அனுப்புவோமா? பல்கலைக்கழகம் முடித்த மகனுக்கே அறை வாடகைக்கு முன்பணம் கட்டிக்கொண்டிருக்கிறோம்.

இங்கிலாந்தில் 2014இல் இதற்கென ஒரு சட்டம் வந்தது. வளர்ப்புக் குடும்பத்தில் வாழும் பிள்ளை, இரு தரப்பினரும் விரும்பினால், 21 வயது வரை அங்கேயே தொடரலாம். அதற்கு உள்ளாட்சி துணைநிற்க வேண்டும். நம் நாட்டிலும் இல்லங்களை விட்டு வெளியேறுவோருக்கு 21 வயது வரை ஒரு பொறுப்பாளரை அமர்த்தலாம். வாரம் ஒரு முறை தொலைபேசியில் அழைத்து, சாப்பிட்டாயா, சம்பளம் வந்ததா என்று கேட்க ஓர் ஆள் இருந்தாலே பாதி விபத்துகளைத் தவிர்க்கலாம். பெரிய கட்டடங்கள் இதற்குத் தேவையில்லை.

இரவுத் தங்குமிடத்தைக் காட்டிலும் முதலில் தேவைப்படுவது பகலில் திறந்திருக்கும் ஓர் இடம் என்பேன். குளிக்க, துணி துவைக்க, கைப்பேசிக்கு மின்னூட்ட, முக்கியமாக, பத்திரங்களைப் பூட்டி வைக்க. கடைசியாகச் சொன்னதைச் சிலர் வியப்போடு பார்க்கலாம். பிறப்புப் பத்திரமும் அடையாள அட்டையும் பெரும்பாலும் வீட்டில் அம்மாவின் அலமாரியில் இருக்கும். அல்லது முன்பணத்திற்கு ஈடாக முதலாளியிடம் இருக்கும். அல்லது பையோடு திருடு போயிருக்கும். அடையாள அட்டை இல்லாமல் முறையான வேலை இல்லை, தொழிற்பயிற்சி இல்லை, மருந்தகத்தில் பதிவும் சிக்கல். 12 வயதில் எடுக்க வேண்டிய அட்டைக்குப் பெற்றோர் அல்லது பாதுகாவலர் உடன் செல்ல வேண்டும். 18இல் அதனை மாற்ற வேண்டும். பிறப்பே பதியப்படாத பிள்ளைகளும் நம் சமுதாயத்தில் உள்ளனர் என்பது ஆசிரியர்களுக்குத் தெரிந்த செய்தி. வீடற்ற இளையோருக்கான எந்தச் சேவையும் பதிவு இலாகாவுக்கு உடன் செல்லும் ஒருவரைக் கொண்டிருக்காவிட்டால், அது சோறு போடுவதோடு நின்றுவிடும்.

தொழிற்பயிற்சி நிலையங்களில் விடுதி இருப்பது பெரும் வாய்ப்பு. அரசாங்கத்தின் தொழிற்பயிற்சிக் கழகங்கள், ஷா ஆலாமில் உள்ள மோன்ஃபோர்ட் பையன்கள் நகரம் போன்றவை தங்குமிடத்தையும் கைத்தொழிலையும் சேர்த்தே வழங்குவதால், வீடில்லாத பையனுக்கு இவை பொருத்தமானவை. ஆனால் ஒரு சிறு சிக்கல். சிறிது என்று நாம் நினைக்கிறோம். விடுமுறை வந்தால் விடுதிகள் மூடப்படும். தீபாவளிக்கு எல்லாரும் பெட்டி கட்டும்போது, போக வீடில்லாதவன் எங்கே போவான்? அந்த ஒரு வாரத்தில் பழைய நண்பர்களிடம் போனவன் திரும்பாமல் போவதுண்டு. தீபாவளி விடுமுறைக்கு அத்தகைய ஒரு பிள்ளையைத் தம் வீட்டில் ஏற்கத் தயாராக இருக்கும் குடும்பங்களின் பட்டியல் ஒன்று, விடுதி நிர்வாகத்தின் ஒப்புதலோடு, ஒவ்வோர் ஊரிலும் இருக்கலாமே.

பழைய நண்பர்கள் என்றேன். 2013இல் உள்துறை அமைச்சு 49 குண்டர் கும்பல்களின் பெயர்களை வெளியிட்டபோது நாம் அதிர்ந்தோம், கருத்தரங்குகள் நடத்தினோம், திரைப்படங்களைக் குறை சொன்னோம். கும்பலில் சேர்ந்த பையன்களிடம் பேசிப் பார்த்தவர்கள் அறிவார்கள், அவர்களுக்குக் கும்பல் முதன்முதலில் கொடுத்தது பெரும்பாலும் படுக்க ஓர் இடமும் இரவுச் சாப்பாடும்தான். கத்தி பிறகுதான் வருகிறது. அவ்விடத்தை அதற்கு முன்னரே வேறு யாராவது கொடுத்திருந்தால் என்னும் கேள்வி நம் கருத்தரங்குகளில் எழவேயில்லை.

பெண் பிள்ளைகளின் நிலை இன்னும் மறைவானது. அவர்களைத் தெருவில் பார்க்கவே முடியாது. ஏனெனில், யாராவது ஒருவர் 'ஆதரவு' கொடுத்துவிடுகிறார். அந்த ஆதரவின் விலையை நான் இங்கு விளக்கத் தேவையில்லை. சிறாருக்கு எதிரான பாலியல் குற்றம் பற்றித் தெரிந்தவர் எவராயினும் புகார் செய்தாக வேண்டும் என்று 2017ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகிறது. குடும்ப மானம் போய்விடும் என்று மறைப்பதும் குற்றமே என்பதைப் பெற்றோர்கள் அறிந்திருக்க வேண்டும்.

இவ்வளவையும் படித்த அன்பர்கள் சிலர், நாமே ஓர் இல்லம் தொடங்கினால் என்ன என்று எண்ணக்கூடும். வேண்டாம் என்றே சொல்வேன். குறைந்தது அவசரமாக வேண்டாம். நால்வர் அல்லது அதற்கு மேற்பட்டோரைத் தங்க வைத்துப் பராமரிக்கும் இடம், 1993ஆம் ஆண்டின் பராமரிப்பு நிலையங்கள் சட்டத்தின்கீழ்ப் பதியப்பட வேண்டும். 2024 செப்டம்பரில், ஒரே நிறுவனத்தோடு தொடர்புடைய 20 இல்லங்களிலிருந்து 402 சிறாரைக் காவல்துறை மீட்டதை நாடே பார்த்தது. இல்லம் என்ற பெயர்ப்பலகை பிள்ளைகளைக் காத்துவிடாது. உள்ளே யார் வந்து போகிறார், யார் கணக்குக் கேட்கிறார், பிள்ளை புகார் சொல்ல வெளியாள் உண்டா என்பவையே அதனைத் தீர்மானிக்கின்றன. நம்மவர் நன்கொடை வழங்குமுன் இம்மூன்றையும் கேட்டுப் பழக வேண்டும். நன்றாக இருக்கும் இல்லங்கள் கேள்விகளுக்கு வருத்தப்படுவதில்லை.

மாறாக, கோயில்களிடம் ஒன்றைக் கேட்கலாம். நம் கோயில்கள் பலவற்றில் மண்டபம் உண்டு, குளியலறை உண்டு, அன்னதானம் உண்டு. திருமணமில்லாத நாள்களில் மண்டபம் பூட்டியே கிடக்கிறது. மேலே சொன்ன பகல்நேர இடத்தை, வாரத்தில் இரண்டு நாள், பதிவு பெற்ற ஓர் இயக்கத்தின் சமூகப் பணியாளரைக் கொண்டு அங்கேயே நடத்தலாம். யாரும் அங்கே இரவு தங்கப் போவதில்லை. ஆகவே பராமரிப்பு நிலையமாகவும் அது ஆகிவிடாது. பக்தர்கள் முகம் சுளிப்பார்களே என்று ஒரு கோயில் பொறுப்பாளர் என்னிடம் வாதிட்டார். சிலர் சுளிக்கத்தான் செய்வார்கள். குடமுழுக்கின்போது வாகனம் நிறுத்த இடமில்லை என்றும் சுளித்தார்கள். அதற்காகக் குடமுழுக்கை நிறுத்தினோமா?

இனி ஆசிரியர்களாகிய நம் பங்கு. தொடக்கக் கல்வி 2003 முதல் கட்டாயம். இடைநிலைக் கல்வியையும் கட்டாயமாக்கும் திருத்தத்தை மக்களவை 2025இல் நிறைவேற்றியது. வரவேற்கிறேன். ஆனால் கட்டாயம் என்ற சொல் பெற்றோரை நோக்கியது. பெற்றோரோடு இல்லாத பிள்ளையை அது எப்படித் தேடிப் பிடிக்கும்? தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டுகள் ஒரு பிள்ளையின் அம்மா, அப்பா, அத்தை, பாட்டி என எல்லாரையும் நாம் அறிவோம். இரண்டாயிரம் மாணவர் பயிலும் இடைநிலைப்பள்ளிக்குப் போனதும் அவனை அறிந்தவர் எவருமில்லை. அவன் வருகை நின்றுபோனால் கடிதம் பழைய முகவரிக்குப் போகிறது. அங்கே குடும்பமே இல்லை.

நாம் கவனிக்க வேண்டிய அடையாளங்கள் ஆறாம் ஆண்டிலேயே தென்படத் தொடங்கும். ஓராண்டில் மூன்று முறை முகவரி மாற்றம். பெற்றோரின் தொலைபேசி எண் அடிக்கடி பயனில் இல்லாமற் போதல். புத்தகப்பையில் மாற்று உடை. பள்ளி முடிந்தும் வீடு திரும்ப மனமின்றித் திடலில் சுற்றுதல். திங்கட்கிழமை முதல் பாடத்திலேயே உறக்கம். உறங்கும் மாணவனை எழுப்பி நிற்க வைப்பதற்கு முன், நேற்றிரவு எங்கே தூங்கினாய் என்று தனியே அழைத்துக் கேட்கலாம். 'ஏன் தூங்குகிறாய்' என்ற கேள்விக்குப் பொய்தான் விடையாக வரும். 'எங்கே தூங்கினாய்' என்றால் சிலர் உண்மையைச் சொல்வர். சொன்னதை ஆசிரியர் அறையில் கதையாக்காமல் ஆலோசக ஆசிரியரிடம் எழுத்தில் கொடுக்க வேண்டும். உடனடி ஆபத்து என்றால் 15999, தாலியான் காசே, 24 மணி நேரமும் இயங்குகிறது.

பெற்றோர்களுக்கு ஒரு சொல். உங்கள் மகன் தன் நண்பனை அடிக்கடி இரவு தங்க அழைத்து வருகிறான் என்றால், அந்த நண்பன்தான் நான் சொல்லும் பிள்ளையாக இருக்கலாம். சோறு போட்டதற்கு நன்றி. அதோடு அவனுடைய பெரியம்மா, சித்தப்பா யாரேனும் இருக்கிறார்களா என்று விசாரியுங்கள். நம் குடும்பங்களில் உறவு முறிவது பெற்றோரோடுதான். பாட்டியோடும் சித்தியோடும் தொடர்பு மிச்சமிருப்பதுண்டு. பலருக்கு அத்தகைய ஓர் உறவினரைக் கண்டுபிடித்துச் சிறிது பணவுதவியோடு சேர்த்து வைப்பதே எந்த இல்லத்தையும்விட நல்ல தீர்வு. அதனைச் செய்ய இலாகாவுக்கு ஆள்பலம் போதவில்லை. ஊருக்குள் யார் யாருக்கு உறவு என்பது நமக்குத் தெரியும்.

அரசாங்கம் செய்ய வேண்டியதையெல்லாம் பள்ளியின் தலையில் கட்டுகிறீர்களே என்று சக ஆசிரியர்கள் சொல்வது காதில் விழுகிறது. ஏற்கனவே இணையப் பதிவு, மதிப்பீட்டுப் படிவம், போட்டி விளையாட்டு என்று நமக்கு மூச்சுவிட நேரமில்லை. உண்மைதான். அதனால்தான் ஒன்றை மட்டும் கேட்கிறேன். ஆறாம் ஆண்டு முடித்துச் சென்ற மாணவர்களின் பெயர்ப்பட்டியலைப் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் இருவரிடம் கொடுங்கள். அவர்கள் படிவம் ஒன்றின் மூன்றாம் மாதத்தில் ஒரு முறை, படிவம் மூன்றில் ஒரு முறை, ஒவ்வொரு வீட்டுக்கும் தொலைபேசியில் அழைக்கட்டும். முப்பது மாணவர் படித்த வகுப்பென்றால் இரண்டு மாலை வேலை. பிள்ளை பள்ளிக்குப் போகிறானா, யாரோடு இருக்கிறான், அடையாள அட்டை யாரிடம் உள்ளது என்னும் மூன்று கேள்விகள் போதும். எண் பயனில் இல்லாத வீடுகளின் பட்டியலை மட்டும் என்னைப் போன்றவர்களிடம் திருப்பிக் கொடுங்கள்; அந்த வீடுகளுக்கு நாங்கள் நேரில் போய்வருகிறோம்.